வைகாசியில் இரண்டு இரவு: பாளையம்பட்டியிலிருந்து மணப்பாட்டுக் கடற்கரைக்கு

வைகாசி மாதம் பாளையம்பட்டிப் பக்கம் வந்து பார்த்தால் காட்டில் ஆள் இருக்காது. அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வரைக்கும் கரிசல் வாய் பிளந்து கிடக்கும். பருத்திமார் பிடுங்கியாயிற்று. சோளத்தட்டை படப்பில் ஏறியாயிற்று. சித்திரையில் ஒரு மழை கிடைத்தவர்கள் கோடை உழவு போட்டுவிட்டார்கள். கிடைக்காதவர்கள் இன்னும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த விதைப்பு புரட்டாசியில்தான். நடுவில் நான்கு மாதம் நிலம் சும்மா கிடக்கிறது.

நிலம் சும்மா கிடக்கிறதே தவிர, சம்சாரி வீட்டில் யாரும் சும்மா இருப்பதில்லை. உழவு மாடு இருந்த காலத்தில் அமாவாசையன்று ஏர் பூட்ட மாட்டார்கள். மாட்டுக்கு ஓய்வு, அதைச் சாக்கிட்டு மனிதனுக்கும் ஓய்வு. டிராக்டருக்கு அமாவாசை கிடையாது. கலப்பினக் கறவை மாட்டுக்கோ ஞாயிறும் கிடையாது, பொங்கலும் கிடையாது. விடிகாலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை மடி கனத்துவிடும். சங்கத்தில் பால் ஊற்றும் நேரம் யாருக்காகவும் காத்திருக்காது. ஆண்கள் டீக்கடை பெஞ்சில் கொஞ்சம் ஓய்வைத் தேடிக்கொள்கிறார்கள். பெண்களுக்கு அந்த பெஞ்சும் இல்லை.

பாளையம்பட்டியில் மூன்று ஏக்கர் மானாவாரியும் இரண்டு கறவை மாடும் வைத்திருக்கிற ஒரு தம்பதியின் கதையும் இதுதான். சேர்ந்தாற்போல் இரண்டு இரவு வெளியூரில் தங்கி அவர்களுக்குப் பதினோரு ஆண்டாகிறது. கல்யாணம், காதுகுத்து என்று போனாலும் ராத்திரியே திரும்பிவிடுவார்கள். இந்த வைகாசியில்தான், மகள் பிடிவாதமாகச் சொல்லி, மணப்பாட்டுக் கடற்கரையில் இரண்டு இரவு தங்கிவிட்டு வந்தார்கள்.

மாட்டை யார் பார்ப்பது?

முதல் கேள்வி பணம் இல்லை, மாடு. அடுத்த தெருவில் இருக்கும் நாத்தனார் முன்வந்தார். "போயிட்டு வாங்க மதினி. மாடு என்ன, உங்களை மட்டுந்தான் தெரியும்னா சொல்லுச்சு?" என்றார். ஆனால் கை மாறினால் சில மாடுகள் பாலை அடக்கிக்கொள்ளும். அதனால் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே சாயங்காலக் கறவையை நாத்தனார் கறக்க, இவர் பக்கத்தில் நின்றுகொண்டார். தீவனத்தையும் நேரத்தையும் மாற்றவில்லை. கடைசி மூன்று நாள் அவர் பக்கத்திலும் நிற்கவில்லை. பால் குறையவில்லை. வெளியூர் போக நினைக்கும் எந்தக் கறவைக்காரருக்கும் இந்த ஒரு வார ஒத்திகை உதவும்.

நிலத்துக்கும் ஏற்பாடு நடந்தது. கோடையில் ஆட்டு மந்தையோடு வரும் கீதாரிகளைப் பேசிக் கிடை போடச் சொல்லிவிட்டார் கணவர். இவர்கள் கடற்கரையில் தூங்கிய இரவுகளில் இவர்கள் காட்டில் ஆடுகள் படுத்திருந்தன. புழுக்கையும் மூத்திரமும் இறங்கிய அந்த இரவுகளை வெட்டிப் பொழுது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

வழியில்

பாளையம்பட்டியிலிருந்து மணப்பாடு ஏறக்குறைய 140 கிலோமீட்டர். மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை வழியாகத் திருச்செந்தூர் போகும் பேருந்தில் ஏறிக்கொண்டால் பந்தல்குடி, எட்டயபுரம், தூத்துக்குடி என்று போகும். திருச்செந்தூரில் மாறி குலசேகரன்பட்டினம் தாண்டினால் மணப்பாடு.

எட்டயபுரம் வரைக்கும் வெளியே பார்ப்பதற்குப் புதிதாக ஒன்றுமில்லை. அதே கரிசல், அதே வேலிக்கருவேல். தூத்துக்குடியை நெருங்கும்போது நிலம் வெள்ளையாகிவிடுகிறது. உப்பளங்கள். கரிசல்காட்டுக்காரர் சபிக்கிற அதே வெயில்தான் இங்கே விளைச்சல். அவர்கள் மழைக்கு வேண்டிக்கொள்ளும் நாளில் உப்பளத்துக்காரர் மழை வேண்டாம் என்று வேண்டிக்கொள்கிறார். இருவர் வேண்டுதலும் ஒரே வானத்துக்குத்தான் போகிறது.

அங்கிருந்து ஆத்தூர் பக்கம் வந்ததும் கண் குளிர்கிறது. தாமிரபரணி கடலைத் தொடுவதற்கு முன் கடைசியாகப் பாயும் நிலம். வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும். ஆத்தூர் வெற்றிலைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த வெள்ளம் இந்த வட்டாரத்தைப் புரட்டிப் போட்டது. பக்கத்துக் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை. அருப்புக்கோட்டைப் பக்கம் பல ஆண்டுகளில் பன்னிரண்டு மாதமும் சேர்த்துப் பெய்வது அதைவிடக் குறைவு. பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் இதைச் சொன்னபோது, "அதுல பாதிய எங்க ஊருக்கு அனுப்பியிருக்கலாமே" என்றாராம் கணவர். சொன்னவரும் சிரித்தார், கேட்டவரும் சிரித்தார். சிரிக்கிற விஷயம் இல்லைதான்.

மணல் குன்றின் மேல் கோயில்

மணப்பாட்டில் நிலம் கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கிறது. அந்த மூக்கின் மேல் ஒரு மணல் குன்று, குன்றின் மேல் 1581-ல் கட்டி முடிக்கப்பட்ட திருச்சிலுவைக் கோயில். புயலில் தப்பிய போர்த்துகீசியக் கப்பல் தலைவன், முறிந்த பாய்மரத்தில் சிலுவை செய்து நட்டதிலிருந்து இந்தக் கோயில் வந்தது என்பது ஊர் வரலாறு. 1542-ல் இந்தக் கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் தங்கியதாகச் சொல்லப்படும் குகை குன்றின் கடல் பக்கத்துச் சரிவில் இருக்கிறது. மேலே நின்றால் ஒரு பக்கம் திறந்த கடல், மறுபக்கம் கருமேனியாறு வந்து சேரும் அமைதியான கழிமுகம். ஒரே இடத்தில் அலை அடிக்கும் தண்ணீரையும் அசையாத தண்ணீரையும் பார்க்கலாம்.

தம்பதி தங்கியது ஒரு மீனவக் குடும்பத்தின் ஓட்டு வீட்டில். இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு, கடலைப் பார்த்த திண்ணை. வாடகை ஒரு மாதப் பால் பணத்தில் சிறு பகுதிதான். சமையல்கட்டு உள்ள வீடு சிக்கனம் என்று எல்லாரும் சொல்வார்கள். சிக்கனம்தான், ஆனால் அங்கேயும் அடுப்பு முன்னால் நிற்பது யார் என்று பார்க்க வேண்டும். முதல் நாள் மனைவி பையில் கொண்டு போன அரிசியை எடுத்து உலை வைக்கப் போனார். வீட்டுக்காரம்மாள் தடுத்துவிட்டார். "ரெண்டு நா இருக்கத்தான வந்திருக்கீக? சாளைக் கொழம்பு வச்சிருக்கேன், சும்மா இருங்க." சோறும் குழம்பும் அங்கிருந்தே வந்தன. காசு கொடுத்துத்தான் சாப்பிட்டார்கள். அந்தக் காசு அந்த வீட்டுப் பெண்ணின் கையில் நேராகப் போய்ச் சேர்ந்தது. பயணத்தில் செலவழித்ததில் உருப்படியான செலவு அதுதான் என்று சொல்ல வேண்டும்.

முதல் இரவு மனைவிக்கு நாலு மணிக்கே விழிப்பு வந்துவிட்டது. கை தானாகப் பால் வாளியைத் தேடியது. வெளியே வந்து திண்ணையில் உட்கார்ந்தார். இருட்டில் வள்ளங்களைத் தண்ணீருக்குள் தள்ளிக்கொண்டிருந்தார்கள். விளக்குகள் ஒவ்வொன்றாகத் தூரம் போயின. விடியும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு, எழுந்து வந்த கணவரிடம், "ஒன்னும் செய்யாம இருந்தா ஏதோ குத்தம் பண்ணுன மாதிரி இருக்குங்க" என்றார். கணவர் பதில் சொல்லவில்லை. இரண்டாம் நாள் மதியம் அந்தத் திண்ணையிலேயே படுத்து நாலரை மணி வரை தூங்கினார் மனைவி. பகலில் தூங்கியது பிரசவத்துக்குப் பிறகு இதுதான் முதல் தடவை என்று பின்னால் கணக்குப் போட்டுச் சொன்னார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் கரையில் வள்ளங்கள் வரிசையாக நின்றன. ஏதாவது துக்கமா என்று கணவர் விசாரித்தார். "ஞாயித்துக்கெழம தொழிலுக்குப் போறதில்ல அண்ணாச்சி. ஆளும் கெடக்கட்டும், மீனும் கொஞ்சம் மூச்சு விடட்டும்" என்றார் வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர். தென்கரையின் பல மீனவ ஊர்களில் இந்த வழக்கம் உண்டு. அதுபோக, கிழக்குக் கடற்கரை முழுக்க ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகத் தடை. மீன்கள் முட்டையிட்டுப் பெருகுவதற்காக அரசு விட்டிருக்கும் இடைவெளி. வள்ளங்களுக்கு இந்தத் தடை இல்லை. கரிசலும் கடலும் தரிசு கிடக்கும் காலம் ஏறக்குறைய ஒன்றாகவே வருகிறது. ஞாயிறும் தடைக்காலமும் மணப்பாட்டுக் காலண்டரில் இன்னும் இருக்கின்றன. பாளையம்பட்டிக் காலண்டரில் அமாவாசை இருக்கிறது, அந்த ஓய்வு மட்டும் போய்விட்டது.

பூட்டிய வீடுகள்

மணப்பாட்டுத் தெருக்களில் பெரிய பெரிய மாடி வீடுகள் இருக்கின்றன. கொழும்பு வாணிபத்தில் செழித்த காலத்தில் எழும்பியவை. அவற்றில் சில பூட்டியே கிடக்கின்றன. செப்டம்பர் 14 திருச்சிலுவைத் திருவிழாவுக்கு வெளியூர்களிலிருந்து சொந்தக்காரர்கள் வரும்போது திறந்துகொள்ளும். பெரிய வீட்டில் பூட்டும் சின்ன வீட்டில் விருந்தாளியும் இருப்பதை மனைவி கவனித்துக் கேட்டார். விற்றால் என்ன விலை போகும் என்று அவர் கேட்கவில்லை, "பெருக்கி விளக்கேத்த ஆள் இருக்கா?" என்றுதான் கேட்டார்.

இது மணப்பாட்டுக்கு மட்டும் உள்ள கதை இல்லை. இங்கிலாந்துக்கு மேற்கே வேல்ஸ் என்றொரு நாடு. ஆடும் மாடும் வளர்க்கும் சிறு விவசாயிகள் நிறைந்த நாடு. அங்கே பழைய தொழுவங்களையும் தானியக் கொட்டாரங்களையும் சிறு விடுதிகளாக மாற்றி, கடற்கரைக்கு ஓய்வெடுக்க வருபவர்களுக்கு வாரக் கணக்கில் வாடகைக்கு விடுகிறார்கள். 2012-ல் கடலோரம் முழுக்க 1,400 கிலோமீட்டருக்கு நடைபாதையும் திறந்தார்கள். ஆட்டு விலை படுத்த ஆண்டில் அந்த வாடகை கை கொடுக்கும். ஆனால் அதே கரையில் பெரு நகரத்துப் பணக்காரர்கள் விடுமுறைக்கென்று வீடு வாங்கிப் பூட்டிப்போடத் தொடங்கியதும் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு வீடு கிடைக்கவில்லை. அபர்சோக் என்ற கடலோர ஊரில் விரல்விட்டு எண்ணும் அளவுக்கு மாணவர்கள் குறைந்து, 2021 டிசம்பரில் தொடக்கப்பள்ளியையே மூடிவிட்டார்கள். 2023 ஏப்ரலிலிருந்து, இரண்டாவது வீடு வைத்திருப்பவர்களிடம் வழக்கமான வீட்டு வரிக்கு மேல் 300 சதவீதம் வரை கூடுதலாக வசூலிக்க உள்ளாட்சிகளுக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறார்கள். விடுதி என்று சொல்லித் தொழில் வரிச் சலுகை கேட்டால், ஆண்டில் 182 நாளாவது வாடகைக்குப் போயிருக்க வேண்டும்.

விவசாயி தன் வீட்டில் ஓர் அறையை விருந்தாளிக்குத் திறந்துவிடுவது ஒன்று. வெளியாள் ஒருவர் ஊரின் வீட்டை வாங்கிப் பூட்டிவைப்பது வேறொன்று. இரண்டையும் சுற்றுலா என்ற ஒரே பெயரில் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. கரிசல் பக்கத்தில் அறை விட நினைப்பவர்கள் யாராவது இருந்தால், மாவட்டச் சுற்றுலா அலுவலகத்தில் பதிவு முறைகளைக் கேட்டுக்கொண்டு தொடங்குவது நல்லது.

கடலோரத்தில் இனிக்கும் தண்ணீர்

இந்தப் பயணத்தில் சம்சாரிக்கு ஆச்சரியம் அலையோ கோயிலோ இல்லை, தண்ணீர். திருச்செந்தூர்க் கடற்கரையில் நாழிக்கிணறு இருக்கிறது. கூப்பிடு தூரத்தில் கடல், கிணற்றில் உப்பில்லாத தண்ணீர். மனைவி குடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏங்க, நம்ம ஊர்ல கடலே கெடையாது, கெணத்துத் தண்ணி உப்பு. இங்க கடல் பக்கத்துலயே கெடக்கு, தண்ணி நல்லாருக்கே!"

காரணம் மணலில் இருக்கிறது. மழைத் தண்ணீர் மணலில் விழுந்தால் நிற்காமல் உள்ளே இறங்கும். நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரைவிட எடை குறைவு என்பதால், கடலிலிருந்து ஊறி வரும் உப்புத் தண்ணீரின் மேல் அது மிதந்துகொண்டு நிற்கும். ஆழமாகத் தோண்டாமல் மேலாக எடுத்தால் இனிப்பு. மோட்டார் போட்டு அதிகமாக இழுத்தால் கீழே இருக்கும் உப்பு மேலே ஏறிவிடும். ஏறிய உப்பு லேசில் இறங்காது. உடன்குடி, திருச்செந்தூர் வட்டாரத்தில் கடல்நீர் உள்ளே புகுந்து கிணறுகள் உப்பாகிப் போன விவசாயிகள் இதை நேரில் அனுபவித்தவர்கள்.

இதே மணல் பாடத்தைப் பெரிய அளவில் பார்க்க வேண்டுமானால் தேரிக்காட்டுக்குப் போக வேண்டும். திருச்செந்தூருக்கும் சாத்தான்குளத்துக்கும் நடுவே கண்ணுக்கு எட்டிய தூரம் ரத்தச் சிவப்பில் மணல் மேடுகள். குதிரைமொழித் தேரி அதில் பெரியது. ஒவ்வொரு மணலிலும் இரும்புத் துரு பூசினாற்போல் இருப்பதால் அந்தச் சிவப்பு. ஆடிக் காற்றில் இடம் மாறிக்கொண்டிருந்த மணலைப் பனையும் முந்திரியும் நட்டு நிறுத்தியிருக்கிறார்கள். பார்த்தால் பாலைவனம். ஆனால் அதன் ஓரத்தில், மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலில், சுனையில் தண்ணீர் இருக்கிறது. மேட்டில் விழுந்த மழையைத் தேரி குடித்துவிட்டு, மெதுவாகக் கசிந்து ஓரங்களில் விடுகிறது.

கணவர் ஒரு பிடி தேரி மணலை எடுத்துக் கையில் உருட்டிப் பார்த்தார். உருளவில்லை, விரலிடுக்கில் ஓடிவிட்டது. கரிசல் அப்படியா? மழை பெய்தால் உப்பி, காலோடு ஒட்டிக்கொண்டு வரும். குடித்த தண்ணீரைத் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மழையைப் பிடித்துவைத்து, மழை நின்ற பிறகும் தை வரைக்கும் பருத்திக்கும் மல்லிக்கும் கொடுக்கும். தேரி தண்ணீரைக் கீழே சேமிக்கிறது, கரிசல் மேலேயே சேமிக்கிறது. அதனால்தான் தேரி ஓரத்தில் கிணற்றை நம்பி வாழையும் முருங்கையும், பாளையம்பட்டியில் மண்ணின் ஈரத்தை நம்பி மானாவாரியும். கோடை உழவு போடாத கரிசலில் அடுத்த மழை உள்ளே இறங்காமல் மேலோடு ஓடிவிடும் என்பதைச் சம்சாரிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் தேரியில் நின்று பார்க்கும்போது அது இன்னொரு தடவை உறைக்கிறது.

இரண்டு வறண்ட நாடுகளும் இன்னொன்றிலும் ஒன்று. இங்கே தாமிரபரணி – கருமேனியாறு – நம்பியாறு இணைப்புக் கால்வாயைப் பற்றிப் பேசுகிறார்கள். திருச்சுழிப் பக்கம், 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டிய காவிரி – வைகை – குண்டாறு இணைப்பைப் பற்றிப் பேசுகிறார்கள். குண்டாற்றுக்காரரும் கருமேனியாற்றுக்காரரும் ஒரு டீக்கடையில் சந்தித்தால் பேச்சுக்குக் குறைவிருக்காது.

வாங்க வேண்டியது, கவனிக்க வேண்டியது

வைகாசியில் போனால் பதநீர்க் காலம். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கியதைப் பனையடியிலேயே பட்டையில் குடிக்கலாம். உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கும் 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஆனால் அந்தப் பெயரில் சர்க்கரை கலந்த கருப்பட்டியும் சந்தையில் ஓடுகிறது. பெயர்ப்பலகையைப் பார்த்து வாங்காமல், விடிலியில் பதநீர் கொதிப்பதையும் சிரட்டையில் ஊற்றுவதையும் பார்த்து அங்கேயே வாங்குவது நல்லது. விலை கூடத்தான் சொல்வார்கள். பனை ஏறி இறங்குவதைப் பார்த்தவர்கள் பேரம் பேச மாட்டார்கள். மணப்பாட்டுப் பெண்கள் கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்து செய்யும் ஓலைப் பெட்டிகளும் வாங்கத் தக்கவை.

கடலில் இறங்குவதில் விளையாட்டு வேண்டாம். கிணற்றில் நீந்தப் பழகியவர்களுக்குக் கடல் நீச்சல் வராது. அதிலும் சித்திரை, வைகாசியில் காற்றும் மழையும் இல்லாத நாளில்கூட எங்கோ தொலைவில் கிளம்பிய பேரலை திடீரென்று கரையேறும். மீனவர்கள் இதைக் கள்ளக்கடல் என்கிறார்கள். 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை இப்படி அலை இழுத்துப் போனது. எங்கே இறங்கலாம் என்று வள்ளக்காரரிடம் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் காலை நனைத்துக்கொண்டு திரும்பிவிடுங்கள்.

மணப்பாட்டில் தங்கும் வீடுகள் குறைவு, முன்கூட்டியே பேசிவைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் திருச்செந்தூரில் அரசு விடுதி உட்பட நிறைய அறைகள் உண்டு. வைகாசி விசாகம், கந்தசஷ்டி, குலசை தசரா, செப்டம்பர் திருவிழா நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். ஓய்வுக்குப் போய்க் கூட்டத்தில் நசுங்க வேண்டாம்.

தம்பதி மூன்றாம் நாள் சாயங்காலக் கறவைக்குள் ஊர் திரும்பினார்கள். அரை லிட்டர் பால் குறைந்திருந்தது, மறுநாள் சரியாகிவிட்டது. கிடை ஆடுகள் அடுத்த காட்டுக்குப் போயிருந்தன. கொண்டுவந்த கருப்பட்டியில் பாதி நாத்தனார் வீட்டுக்குப் போனது. அடுத்த வைகாசியில் நாத்தனார் குடும்பம் கிளம்புவதாகப் பேச்சு. அவர்களுக்கு மூன்று கறவை. அந்த இரண்டு நாள் ஐந்து மாடும் இவர்கள் தொழுவத்தில்தான் நிற்கும்.